நாற்காலி வருவதற்கு முன்பே

மருத்துவமனைக்குப் புதிய தலைமை மருத்துவர் வந்தால், அவர் எப்படிப்பட்டவர் என்பது முதல் வாரத்திலேயே செவிலியர் அறையில் முடிவாகிவிடும். பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம், எந்தக் கல்லூரி, தங்கப் பதக்கம் உண்டா என்பதெல்லாம் எங்கள் கணக்கில் வராது. நடுராத்திரி லேபர் வார்டிலிருந்து போன் போனால் எடுக்கிறாரா? எடுத்தவர் "என்னம்மா ஆச்சு?" என்கிறாரா, "இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க?" என்கிறாரா? ரவுண்ட்ஸ் வரும்போது ஹெட் நர்ஸின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாரா, அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசுகிறாரா? மருந்து தீர்ந்துவிட்டது என்று சொன்னால், இண்டென்ட் நோட்டை எடுத்துவரச் சொல்லிப் புரட்டுகிறாரா, "வெளியே வாங்கிக்கச் சொல்லுங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறாரா? இவ்வளவுதான் எங்கள் பரீட்சை. இதில் நாங்கள் போட்ட மதிப்பெண் பெரும்பாலும் தப்பியதில்லை.

நான் மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். பணியில் இருந்தவரை மீசை முளைக்காத ஹவுஸ் சர்ஜனையும் "டாக்டர்" என்றுதான் கூப்பிட்டேன், அது முறை. இப்போது ஓய்வு பெற்றவளின் உரிமையில் "பிள்ளைகளே" என்கிறேன். டாக்டர்கள் தலைமைப் பொறுப்புக்கு வளர்வதைப் பற்றி ஒரு நர்ஸுக்கு என்ன தெரியும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தலைமை நன்றாக இருந்தாலும் கெட்டுப்போனாலும் அது முதலில் உறைப்பது எங்களுக்குத்தான். நோயாளிக்கு அடுத்த நாள் தெரியும், மேலிடத்துக்கு அடுத்த வருடம் தெரியும்.

நீங்கள் ஐந்தரை ஆண்டு படிக்கிறீர்கள், பிறகு மூன்று ஆண்டு மேற்படிப்பு, சிலர் அதற்கு மேலும். அத்தனை ஆண்டும் உங்களுக்குப் பழக்கப்படுத்துவது ஒன்றைத்தான்: நோயாளியைப் பார், நீயே யோசி, நீயே முடிவெடு. தேர்வு எழுதுவது தனியாக, மதிப்பெண் தனியாக, தவறினால் பழியும் தனியாக. அதில் தேறியவரே நல்ல மருத்துவர், சந்தேகமில்லை. ஆனால் ஒரு மருத்துவமனையை நடத்துவது இதற்கு நேர் எதிரான வேலை. அங்கே உங்கள் கையால் நடப்பது கொஞ்சம், மற்றவர் கையால் நடக்க வேண்டியதே மிச்சமெல்லாம். 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், படித்து வெளியே வரும் மருத்துவர் ஐந்து பொறுப்புகளுக்குத் தகுதியானவராக இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. மருத்துவக் குழுவுக்குத் தலைவராகவும் அதே குழுவில் ஓர் உறுப்பினராகவும் இருப்பது அவற்றில் ஒன்று. நல்ல யோசனைதான். ஆனால் அதை வார்டில் யார் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை.

சொல்லித் தராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். கத்தி பிடித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்பது போன்ற கை கொண்ட அறுவை மருத்துவர் ஒருவர், சீனியாரிட்டிப்படி கண்காணிப்பாளர் ஆனார். ஓய்வுக்கு ஒன்றரை ஆண்டு இருந்தது. வந்த வாரமே லிஃப்ட் நின்றது, துப்புரவு ஒப்பந்தக்காரர் ஆட்களுக்குச் சம்பளம் போடவில்லை, தணிக்கைக்காரர்கள் வந்து மேசை போட்டு உட்கார்ந்தார்கள். கோப்பு வந்தாலே அவர் முகம் வாடிப்போகும். "எனக்கு இது தெரியாது, சொல்லிக் கொடுங்க" என்று கேட்க அவருக்கு ஆளில்லை. கேட்டால் கௌரவம் போய்விடும் என்ற பயம் வேறு. அதனால் அவர் இரண்டே வேலை செய்தார். மெமோ கொடுத்தார், மெமோ கொடுக்காத நேரத்தில் தியேட்டருக்குள் போய்விடுவார். 17(பி) குற்றச்சாட்டு மெமோ என்றால் அரசு ஊழியருக்கு வயிறு கலங்கும். அதை அவர் துண்டுச் சீட்டு மாதிரிக் கொடுத்தார். ஒரு நல்ல சர்ஜனை இழந்து ஒரு மோசமான நிர்வாகியைச் சம்பாதித்தது அந்த மருத்துவமனை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பது ஆண்டு சேவையில் ஒரு நாள்கூட அவரை எந்தப் பொறுப்பிலும் பழக்காமல், கடைசியில் முழு மருத்துவமனையையும் தூக்கித் தலையில் வைத்த ஏற்பாட்டின் மேல்தான் கோபம்.

வேறோர் ஊரில், மகப்பேறு பிரிவில், ஒரு யூனிட் சீஃப் அம்மா இருந்தார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். அவரிடம் மேற்படிப்புக்கு வரும் ஒவ்வொரு பி.ஜி.க்கும் நோயாளிகளைத் தவிர இன்னொன்றையும் கொடுப்பார், வார்டின் ஏதாவது ஒரு தொல்லையை. "மூணு மாசம் இது உன் பொறுப்பு" என்பார். ஒருத்திக்குத் தையல் பிரிந்துபோகும் கேஸ்கள், ஒருவருக்குத் தாய்மார்களுடன் வருபவர்கள் படுக்க இடமில்லாத சண்டை. ஓர் ஆண்டு ஒரு பி.ஜி. பெண்ணுக்கு வந்த தொல்லை ரத்தம். இரவில் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு வரும் தாய்க்கு ரத்த வங்கியிலிருந்து பை வந்து சேரத் தாமதமாகிறது. எல்லாரும் ரத்த வங்கி டெக்னீஷியனைத் திட்டுவார்கள், அவர் வார்டைத் திட்டுவார்.

சீஃப் அந்தப் பெண்ணுக்குப் போட்ட நிபந்தனை இதுதான்: "முதல் வாரம் யாரையும் ஒண்ணும் சொல்லாதே. ராத்திரி சாம்பிள் கொண்டுபோற அம்மாகூட நடந்து போயிட்டு வா." அவள் நடந்தாள். படிவத்தில் கையெழுத்தோடு முத்திரை வேண்டும், முத்திரையோ டியூட்டி டாக்டர் அறைக்குள், அறை பூட்டு. இரவில் லிஃப்டுக்கு ஆள் கிடையாது. ரத்த வங்கிக்குப் போகும் குறுக்குவழிக் கதவு பத்து மணிக்கு மேல் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் மறுகோடியில். எல்லாவற்றுக்கும் மேலே, இரவில் வார்டில் இருப்பது ஒரே ஒரு பணியாளர். அவர் ரத்தத்துக்குப் போனால் தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள ஆளில்லை. யாரும் சோம்பேறி இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு ஒரு வாரம் ஆனது. முத்திரையை லேபர் வார்டு டிரேயிலேயே வைப்பது, அவசரத்துக்குத் தனி நிறத்தில் படிவம், கதவுக்கு இன்னொரு சாவி என்று அவள் எழுதிக்கொண்டு வந்தாள். "சாம்பிள் கிளம்பும்போதே போன் போட்டுட்டா அவங்க எல்லாத்தையும் எடுத்து வெச்சிடுவாங்களே" என்று சொன்னது சாம்பிள் தூக்கிப்போன அந்த அம்மா. யூனிட் கூட்டத்துக்கு சீஃப் அவரையும் அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் வாயாலேயே அதைச் சொல்லச் சொன்னார்.

சாவிக்கு நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ. சம்மதிக்கவில்லை, பாதுகாப்புப் பிரச்சினை என்றார். சீஃப் நினைத்திருந்தால் தானே ஒரு போனில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு ஆர்.எம்.ஓ. அறைக்குப் போனார். வாசலில் வைத்து அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "நீ பேசு. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்." அவள் திக்கித் திணறித்தான் பேசினாள். சாவி கிடைத்தது. சில வாரம் கழித்து அந்த வழியாக யாரோ புகுந்து ஒரு பேட்டரியைத் திருடிப்போனபோது ஆர்.எம்.ஓ. குதித்தார். "சாவி கேட்டது நான்" என்றார் சீஃப். பிள்ளையின் பெயர் அங்கே வரவே இல்லை. தொல்லை தீர்ந்தபோது மட்டும் அவள் பெயர் வந்தது.

பிள்ளைகளே, தலைமைப் பயிற்சி என்று நான் கண்ணால் கண்டது அதைத்தான். மூத்தவர் தன் அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இரவல் கொடுக்கிறார். இளையவர் அதைக் கையாண்டு பார்க்கிறார். உடைந்தால் மூத்தவர் கணக்கில், ஒட்டினால் இளையவர் கணக்கில். இப்போதெல்லாம் மருத்துவர்களை நட்சத்திர விடுதியில் இரண்டு நாள் உட்கார வைத்து, வண்ணப்படம் காட்டி, பந்து எறிந்து பிடிக்கச் சொல்லி, சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள். பகல் சாப்பாடு நன்றாக இருந்ததாகக் கேள்வி.

பொறுப்பை இரவல் கொடுப்பதற்கு ஊரறிந்த உதாரணமும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் மகப்பேறு மருத்துவத்துக்குப் பயின்றுகொண்டிருந்தார். 1954இல் ஒரு சாலை விபத்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவர் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். அங்கே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்துவந்த பால் பிராண்ட், கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே என்று யோசித்தார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்கே தலைவரானார். இதில் மேரியின் மன உறுதியை எல்லாரும் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். நான் பார்ப்பது பிராண்டை. அனுதாபம் காட்டி மூலையில் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கலாம். அவர் கொடுத்தது வேலையை, அதுவும் பலர் செய்யத் தயங்கிய வேலையை.

அந்த நிறுவனத்துக்கு வேறொரு பழக்கமும் உண்டு. திருச்சபைகளின் ஆதரவில் சேர்ந்து படிக்கும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் மருத்துவ வசதி குறைந்த ஊர்களில் உள்ள மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டு வேலை செய்ய வேண்டும். கையில் எம்.பி.பி.எஸ். மட்டும் இருக்கும், அந்த ஊரில் அவர்களைவிடப் பெரிய டாக்டர் பல நேரம் இருக்க மாட்டார். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவதிலிருந்து சமையல்காரர் சண்டை வரை அவர்கள் தலையில்தான் விழும். அங்கே போய்த் திரும்பியவர்களின் நடையே வேறு. அந்த நிறுவனத்தை உருவாக்கிய ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கிவிட்டுத்தான் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு நர்ஸின் அற்பப் பெருமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் அரசுப் பணியில் இதே வாய்ப்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டில் வைத்துக் கொடுக்கப்படுகிறது. இருபத்தைந்து வயதில் உங்களுக்குக் கீழே செவிலியர்கள், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், ஊர் ஊராகச் சுற்றும் கிராம சுகாதாரச் செவிலியர்கள். இவ்வளவு சின்ன வயதில் இத்தனை பேரை எந்தக் கம்பெனி உங்களை நம்பி விடும்? ஆனால் உங்களில் பலருக்கு அது நீட் பி.ஜி. புத்தகத்தோடு உட்காரும் காத்திருப்பு அறை. படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஒரு கர்ப்பிணியைப் பற்றித் தெரிந்தது கேஸ் ஷீட்டில் ஒருநாளும் வராது. புருஷன் குடிப்பானா, மாமியார் ஆஸ்பத்திரிக்கு விடுவாரா, மழை பெய்தால் அந்தத் தெருவுக்கு 108 வருமா எல்லாம் அவருக்குத் தெரியும். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்களை உட்கார வைத்துக் கேட்டவர்களை நான் பின்னாளில் பெரிய பதவிகளில் பார்த்தேன்.

கேட்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ராசெஸ்டர் என்ற சின்ன ஊரை 1883இல் சூறாவளி சூறையாடியது. காயம்பட்டவர்களைக் கவனித்த பிரான்சிஸ்கன் கன்னியர்கள், ஊருக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று முடிவெடுத்து, உள்ளூர் மருத்துவர் மேயோவிடம் நீங்கள் பொறுப்பேற்றால் நாங்கள் கட்டுகிறோம் என்றார்கள். 1889இல் கட்டியும் முடித்தார்கள். இன்றைக்கு மேயோ கிளினிக் என்று உலகமே சொல்வதன் தொடக்கம் அது. அங்கே மேரி ஜோசப் என்ற கன்னியர், மேயோவின் மகன் வில்லியமுக்கு அறுவையில் உதவியாளர். 1892 முதல் 1939இல் இறக்கும்வரை அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளரும் அவரே. அறுவைக்கு முன் வயிற்றைத் துடைத்துத் தயார் செய்யும்போது, சிலருக்குத் தொப்புளில் ஒரு கெட்டியான கட்டி தட்டுப்படுவதையும், அப்படிப்பட்டவர்களுக்கு உள்ளே புற்றுநோய் பரவியிருப்பதையும் அவர் கவனித்தார். வில்லியம் மேயோ அதை அலட்சியம் செய்யவில்லை. 1928இல் எழுதி வெளியிட்டார். பிறகு ஹாமில்டன் பெய்லி அந்தக் கட்டிக்குச் சிஸ்டரின் பெயரையே வைத்தார். சர்ஜரி பரீட்சைக்கு நீங்கள் எல்லாரும் உருப்போட்ட 'சிஸ்டர் மேரி ஜோசப் நாட்யூல்' அதுதான். உங்கள் தியேட்டரில் வயிறு துடைக்கும் சிஸ்டருக்கு என்னென்ன தெரியும் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

தியேட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரே ஒரு தாள். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள்: அறுவைக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. அந்தத் தாளில் புது மருந்தோ புதுக் கருவியோ இல்லை. கத்தி வைக்குமுன் எல்லாரும் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொள்ள வேண்டும், நோயாளி யார், எந்தப் பக்கம், என்ன அறுவை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இப்படிச் சில. எங்கள் ஊரில் அது வந்தபோது பல சீஃப்கள் சிரித்தார்கள், "என் பேர் தெரியாதா?" என்று. உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியும் சார், எங்கள் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒருமுறை பெயரைச் சொல்லி வாயைத் திறந்த சிஸ்டர், பிறகு "சார், அது இடது கால்" என்று சொல்லவும் வாயைத் திறப்பாள். அந்தத் தாளை டிக் அடித்து முடிக்கும் காகிதமாக்குவதும் உயிர் காக்கும் பழக்கமாக்குவதும் அந்த அறையின் மூத்த மருத்துவர் முகத்தைப் பொறுத்தது.

தாய் இறப்பு ஆய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். தமிழ்நாட்டில் பிரசவத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு தாயின் சாவும் ஆராயப்படுகிறது, வீட்டாரிடமும் போய் விசாரிக்கிறார்கள், மாவட்ட ஆட்சியர் வரை போகிறது. 2004–06இல் லட்சம் பிறப்புக்கு 111 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம் 2018–20இல் 54க்கு வந்தது. இதற்குக் காரணங்கள் பல: 108 வண்டி, சீமாங் என்னும் அவசர மகப்பேறு மையங்கள், ரத்த வங்கிகள், எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர்களின் கால்கள். ஆய்வுக் கூட்டமும் அவற்றில் ஒன்று. ஆனால் அந்தக் கூட்டம் ஒரே மாவட்டத்தில் இரண்டு விதமாக நடக்கும். ஒரு தலைவர் "யார் டியூட்டி?" என்று தொடங்குவார். அன்று எல்லாருடைய ரெக்கார்டும் சுத்தமாக இருக்கும், நேரங்கள் எல்லாம் பொருந்தும், ஒருவர் சொல்வதிலும் உண்மை இருக்காது. இன்னொருவர் "அந்த அம்மா வீட்டை விட்டுக் கிளம்பினதுலேருந்து சொல்லுங்க" என்று தொடங்குவார். அரை மணி நேரத்தில், அந்த அம்மா மாற்றி அனுப்பப்பட்ட மருத்துவமனையில் மயக்க மருத்துவர் இல்லை என்பது அனுப்பியவருக்குத் தெரியாது என்ற சங்கதி வெளியே வரும். தண்டிக்க வேண்டிய அலட்சியம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு வேறு நாள், வேறு அறை வையுங்கள்.

இளைஞர்களிடம் நான் காணும் ஒரு குறை, அலுவலகத்தைக் கண்டால் முகம் சுளிப்பது. "அந்த ஹெட் கிளார்க் ஒரு தொல்லை" என்பீர்கள். அவருக்குத் தெரிந்த நிதி விதிகள் தெரியாமல் உங்கள் வெண்டிலேட்டர் பழுது நீங்காது. மேயோ கிளினிக்கில் தலைமைப் பொறுப்பில் இருக்கும் மருத்துவருக்குப் பக்கத்தில் ஒரு நிர்வாகியை ஜோடியாக உட்கார வைப்பது பழைய வழக்கம். இவர் மருத்துவம் பேசுவார், அவர் பணமும் ஆளும் பேசுவார், முடிவு இருவருடையது. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி செய்ததும் அதற்கு நெருங்கியது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போயும் லட்சத்துக்கு மேல் கண் அறுவை செய்தவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976இல் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் கண் மருத்துவர்களை மட்டும் சேர்க்கவில்லை. மேலாண்மை படித்த ஆர்.டி. துளசிராஜிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார். கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவ உதவியாளர்களாக ஆக்கினார். இரண்டு அறுவை மேசைகள் அருகருகே இருக்கும், ஒன்றில் அறுவை முடியும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். மருத்துவரின் நேரம் மருத்துவருக்கே, மற்றதெல்லாம் பயின்ற மற்றவர்களுக்கு. 1985இல் தேனி, 1988இல் திருநெல்வேலி, 1997இல் கோவை, 2003இல் புதுச்சேரி என்று கிளைகள் பிறந்தன. ஒவ்வொரு கிளைக்கும் தலைமை தேவை. தலைவர் ஒருவரே எல்லாவற்றையும் தன் முடிச்சில் வைத்திருந்தால் இரண்டாவது கிளைக்கு மேல் நகர முடியாது. 1992இல் லைக்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, வெளிநாட்டு மருத்துவமனைகளிலிருந்து வந்தவர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்தார்கள்.

இனி, நிறுவனங்களை நடத்தும் பெரியவர்களிடம் சில வார்த்தை. இதையும் இளையவர்கள் படிக்கட்டும், பின்னாளில் அந்த இடத்தில் அவர்கள்தானே.

மருத்துவர் தலைமை ஏற்றால் மருத்துவமனை மேம்படுமா என்ற சண்டை பழையது. அமண்டா குடால் என்ற ஆய்வாளர் 2011இல், அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளைப் பார்த்து, மருத்துவர் தலைமையில் இருப்பவற்றின் தர மதிப்பெண் சுமார் 25 சதவீதம் அதிகம் என்று எழுதினார். நல்ல மருத்துவமனைகள் நல்ல மருத்துவர்களைத் தேடிப் பிடித்துக்கொள்கின்றன என்றும் அதைப் படிக்கலாம், ஆகவே தலைகால் புரியாமல் ஆட வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது மேயோ கிளினிக் மருத்துவர்களிடமே எடுத்து 2015இல் வெளியிட்ட ஆய்வு. 2,800க்கும் மேற்பட்ட மருத்துவர்கள், தங்கள் நேரடி மேலதிகாரிக்கு 60க்கு மதிப்பெண் போட்டார்கள். பேச்சுக்கு மதிப்பளிக்கிறாரா, விவரம் சொல்கிறாரா, என் திறமையை வளர்க்கிறாரா என்பது போன்ற கேள்விகள். மேலதிகாரியின் மதிப்பெண் ஒன்று கூடினால் கீழே இருப்பவர் சோர்ந்து கருகிப்போகும் வாய்ப்பு 3.3 சதவீதம் குறைந்தது, மனநிறைவுக்கான வாய்ப்பு 9 சதவீதம் கூடியது. நம் மருத்துவமனைகளில் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு மதிப்பெண் போட்டு எங்கே பார்த்தோம்? கழிவறைச் சுவரில் போடுவார்கள். அதையே முறையாக, பெயரில்லாமல், ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு, அந்த மூத்தவரைத் தனியே உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

பொறுப்பு கொடுத்தால் நேரமும் கொடுங்கள். காலை ஓ.பி.யில் இருநூறு பேர், மாலை தர உறுதிக் குழுவின் செயலாளர் என்றால் அவர் எதைச் செய்வார்? ஓ.பி.யைத்தான் செய்வார், குழு காகிதத்தில் நடக்கும். வாரத்தில் ஒரு அரைநாளாவது ஓ.பி.க்கு மாற்று ஆள் போட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள். நிர்வாகக் கூட்டங்களை மாலை ஆறு மணிக்கு மேல் வைத்துவிட்டு, "லேடி டாக்டர்களுக்கு நிர்வாகத்துல ஆர்வமில்ல" என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சி.எம்.சி.யின் முதல் இந்திய இயக்குநர் ஹில்டா லாசரஸ் என்ற பெண். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் 12 படுக்கையோடு தொடங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி. அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த சாந்தா, அரசு வேலையை விட்டுவிட்டு வந்தவர், 1980இல் இயக்குநர் ஆனார். இடையில் இருந்தது இருபத்தைந்து ஆண்டு, அங்கே மூத்த மருத்துவராக இருந்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தியின் பக்கத்தில் நின்று பழகிய ஆண்டுகள். ஆர்வம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் கூட்டத்தை மதியம் இரண்டு மணிக்கு மாற்றுங்கள்.

அரசுக்கும் ஒன்று. பொதுச் சுகாதாரத்துக்கு நம்மிடம் தனி அணி இருக்கிறது. 1939இலேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டது. அந்த அணியில் சேரும் மருத்துவர் தனிப் படிப்பு படித்து, களத்தில் பழகி, படிப்படியாகத் துணை இயக்குநர் ஆகிறார். கொள்ளைநோய்க் காலத்தில் அதன் பலனைக் கண்டோம். இலங்கையில் மருத்துவ நிர்வாகம் என்பதே ஒரு மேற்படிப்புத் துறை. கொழும்பில் அதற்கு எம்.டி. வரை உண்டு. நம் பெரிய மருத்துவமனைகளின் டீன், கண்காணிப்பாளர் நாற்காலிகளுக்கு மட்டும் சீனியாரிட்டிப் பட்டியலே பயிற்சி. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு இருந்துவிட்டு மாலை போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். பட்டியலை விட முடியாது என்றால் விட வேண்டாம். பட்டியலில் அடுத்த மூன்று பேரை முன்கூட்டியே எடுத்து, ஒவ்வொருவரையும் ஒரு ஆறு மாதம் கொள்முதல், கட்டடம், பணியாளர் என்று சுற்றவிட என்ன தடை?

மேலே சொன்ன அந்த யூனிட் சீஃப் அம்மாவே பிறகு ஒரு மாவட்ட மருத்துவமனைக்குத் தலைவராக வந்தார். ஓய்வுக்குச் சில மாதம் முன்பே, அடுத்து வரக்கூடிய இரண்டு மருத்துவர்களைத் தன் அறைக்கு வரவழைத்து, தினமும் வரும் தபாலை அவர்கள் முன் பிரித்தார். முதலில் அவர் முடிவு செய்வார், அவர்கள் பார்ப்பார்கள். பிறகு அவர்கள் முடிவு செய்வார்கள், அவர் பார்ப்பார். அப்போது கேன்டீன் ஏலம் வந்தது. பழைய ஒப்பந்தக்காரர் தரமாகப் போடுவார், ஆனால் விலை கூட. புதியவர் விலை குறைவு, ஆள் எப்படி என்று தெரியாது. அம்மாவுக்குப் பழையவர்தான் சம்மதம் என்பது என் போன்றவர்களுக்கெல்லாம் தெரியும். அவர்கள் இருவரும் பேசி, நோயாளிகளுடன் வருபவர்களுக்கு விலைதான் முக்கியம் என்று புதியவருக்குக் கொடுத்தார்கள். அம்மா கையெழுத்துப் போட்டார். அது சரியான முடிவா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான், முதல் மாதம் சாம்பார் தண்ணீராகத்தான் இருந்தது. புகார் வந்தபோது அம்மா அதைத் தன் மேசையில் வாங்கிக்கொள்ளாமல், அந்த இரண்டு பேரின் மேசைக்கு அனுப்பிவைத்தார்.